பொட்டு வைத்த குப்பி

மார்ச் 4, செவ்வாய்

கிளினிக்குக்குச் சரக்கு வந்தது. தெர்மகோல் பெட்டிக்குள் ஐஸ் பைகள் இன்னும் சில்லென்று இருந்தன. ஒன்றை எடுத்துக் கழுத்தில் வைத்துக்கொண்டேன். அளத்தங்கரையில் இந்த மாதத்தில் சும்மா கிடைக்கிற குளிர்ச்சி இது ஒன்றுதான்.

மதியம் முழுக்கப் பொட்டு வைத்தேன். நாங்கள் கொடுக்கும் இரண்டு வகை இன்சுலினும் பார்க்கத் தண்ணீர் மாதிரி ஒன்றுபோல இருக்கும். ஒன்று சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது. மற்றது ராத்திரி ஒரே தடவை போடுவது. மாற்றிப் போட்டால் ஆள் மயங்கி விழுவார், எழுந்திருக்காமலும் போகலாம். லேபிளில் பெயர் இருக்கிறதே என்று கம்பெனிக்காரன் கேட்பான். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. மண்பானையில் ஈர மணலைப் போட்டு அதற்குள் குப்பியைப் புதைத்து வைக்கிறார்கள். ஒரு வாரத்தில் லேபிள் ஊறி உரிந்துவிடும். அதனால்தான் நெயில்பாலிஷ். ராத்திரி மருந்துக்குச் சிவப்பு, சாப்பாட்டு மருந்துக்கு நீலம். அட்டைப்பெட்டியைப் பிரித்து, குப்பியை வெளியே எடுத்து, அதன் தோளில் ஒரு பொட்டு. காலி அட்டைகளை மடித்து மூலையில் இருக்கும் சாக்கில் போடுவேன். ஒவ்வொரு அட்டையிலும் 'சலுகை விலைத் திட்டம், மறுவிற்பனைக்கு அல்ல' என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். குப்பியில் அப்படி எதுவும் இருக்காது.

அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். அட்டை இல்லாமல் வைத்தால் ஃப்ரிட்ஜில் இடமும் மிச்சம், நல்ல யோசனை என்றார். முன்னால் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நான் சொன்ன எதையும் யாரும் யோசனை என்று கூப்பிட்டதில்லை.

அண்ணன் என்றால் டாக்டர் சற்குணம். இங்கே யாரும் அவரை சார் என்று கூப்பிடக் கூடாது. முதல் நாள் நான் சார் என்றதற்கு, 'சாரெல்லாம் டவுன்ல இருக்காரு, இங்கன அண்ணன்தான்' என்றார். உப்பு வாருகிற பெண்களும் டாக்டரண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள். மதியம் எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். சென்னையில் பெரிய சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்.

அம்மா கேட்டாள், நெயில்பாலிஷ் எதற்கு இவ்வளவு வாங்குகிறாய் என்று. கல்யாணத்துக்கு என்றேன். நம்பிச் சிரித்தாள், பாவம்.

மார்ச் 10, திங்கள்

அளத்தில் உப்பு வாருகிற பேச்சித்தாய் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ரூபிகா ஏழாம் வகுப்பு. சின்ன வயதிலேயே வந்த சர்க்கரை, இன்சுலின் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஜி.எச்.சில் இன்சுலின் இலவசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே கொடுப்பது பழைய வகை. அதைப் போட்டபோது பிள்ளை பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். போதாததற்கு வரிசையில் நிற்க ஒரு நாள் கூலி போகும். அண்ணன்தான் இந்த வகைக்கு மாற்றிவிட்டார். அதன் பிறகு மயக்கம் இல்லை.

இந்த வகையை வெளியே முழு விலைக்கு வாங்கினால் பேச்சித்தாய் அக்காவின் பாதி மாதக் கூலி போய்விடும். எங்களுக்குக் கம்பெனி அதில் சின்னப் பங்கு விலைக்குத் தருகிறது. ஏழைகளுக்கென்று நடக்கும் கிளினிக் என்று பதிந்திருக்க வேண்டும், வாங்கிய விலைக்கே கொடுக்க வேண்டும், காலிக் குப்பிகளைத் திருப்பி அனுப்பினால்தான் அடுத்த சரக்கு. ஒவ்வொரு தடவையும் மருந்தாளுநர் கையெழுத்துப் போட வேண்டும். அது நான்.

இந்தச் சின்னப் பங்கு விலைக்குக் கொடுத்தும் அவனுக்கு நஷ்டம் இல்லை என்றால், முழு விலை எவன் வயிற்றிலிருந்து வருகிறது? இதைக் கேட்டதற்கு அண்ணன் சிரித்தார். 'அதையெல்லாம் கேட்டா தரமாட்டான் எப்சிபா. வாங்கிட்டு அப்புறம் கேப்போம்.'

ரூபிகா காலிக் குப்பிகளைக் கொடுத்தாள். லேபிள் இல்லை. மூடியைச் சுற்றியுள்ள அலுமினிய வளையத்தில் உப்புக் காற்றில் வெள்ளை பூத்திருந்தது. அளத்தங்கரையிலிருந்து வரும் குப்பி எல்லாம் இப்படித்தான், கிழடு தட்டிப்போய் வரும். சிவப்புப் பொட்டு மட்டும் அப்படியே. ரூபிகா தன் நகத்திலும் அந்தச் சிவப்பு வேண்டும் என்றாள். ஒரு விரலுக்கு வைத்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

ஊசி வாங்க டவுனுக்குப் போனேன். அண்ணனின் மச்சினர் ஜெகன் வைத்திருக்கும் மெடிக்கல் ஷாப்பில்தான் எப்போதும் வாங்குவோம். கடை வாசலில் புதிதாக ஒரு போர்டு: 'காலி இன்சுலின் குப்பி கொண்டு வந்தால் பத்து ரூபாய் தள்ளுபடி.' நல்ல காரியம். கண்ணாடி தெருவில் கிடந்து யார் காலையும் கிழிக்காது. மாடியில் ஸ்கேன் சென்டர் கட்டுகிறார்கள், படியெல்லாம் சிமெண்ட்.

திரும்பும்போது ஸ்கூட்டர் பஞ்சர். வெயிலில் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

கம்பெனி சரக்கைப் பாதியாக்கிவிட்டதாம். அண்ணன் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார்.  திட்டத்தில் நிறைய கிளினிக்குகள் சேர்ந்துவிட்டன, ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிக்கிறார்கள், கோடை முடியும்வரை இப்படித்தான் என்றார். எழுதிக் கேட்கலாமே என்றேன். தானே பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

வந்த பெட்டி என்னவோ பழைய மாதிரிதான் கனத்தது. பொட்டு வைத்து முடிக்க அதே மதியம் முழுக்க ஆயிற்று. வெயிலில் கை ஓடவில்லை போல. பாதி டிரேயை வேன் ஓட்டும் லூர்து அண்ணன் ஏற்றிக்கொண்டு போனார். டவுன் பக்கம் புதிதாக முகாம் நடக்கிறதாம், அங்கேயும் ஏழைகள் இருக்கிறார்களாம்.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று வந்தவர்கள் எல்லாருக்கும் பாதிதான் கொடுத்தேன். கம்பெனி தரவில்லை, நான் என்ன செய்ய என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கடைசியில் அந்த வார்த்தை எனக்கே வாயில் புளித்தது.

பேச்சித்தாய் அக்காவிடம், அடுத்தது வரும்வரை சமாளிங்க என்றேன். எப்படிச் சமாளிப்பது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். ரூபிகாவுக்குப் பரீட்சையாம், வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

லூர்து அண்ணன் முகாமிலிருந்து காலிக் குப்பி மூட்டை ஒன்று கொண்டு வந்தார். இறக்கும்போது வாய் அவிழ்ந்து கொட்டிவிட்டது. உட்கார்ந்து பொறுக்கினேன். எல்லாவற்றிலும் என் பொட்டு இருந்தது. நம்முடையவைதான்.

ஒன்றில்கூட லேபிள் உரியவில்லை. வளையம் பளபளவென்று இருந்தது. கடையில் அடுக்கி வைக்கிற மாதிரி.

டவுன் ஏழைகள் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருப்பார்கள். 'நல்ல சுத்தமா வச்சிருக்காங்கல்லா' என்றேன். லூர்து அண்ணன் மூட்டையைக் கட்டிக்கொண்டே, 'நீ கையெழுத்துப் போடு பாப்பா, நேரமாச்சு' என்றார். போட்டேன்.

ஏப்ரல் 26, சனி

சம்பளம் கூட்டியிருக்கிறார் அண்ணன். கிளினிக் கஷ்டப்படும் நேரத்தில் எதற்கு என்று கேட்டேன். கஷ்டப்படுகிற நேரத்தில் கூட நிற்பவர்களுக்குத்தான் என்றார். அம்மா வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தினாள். ஸ்கூட்டருக்கு இரண்டு டயரும் மாற்றிவிட்டேன்.

கம்பெனியை நினைத்தால் எரிகிறது. ஏசி ஹாலில் உட்கார்ந்து ஒருவன் பாதி என்று ஒரு வார்த்தை சொன்னால் இங்கே ஒரு குடும்பம் பானைக்குள் கையை விட்டுத் தடவுகிறது. ஒரு பக்கம் நிறைய வசைகளை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

மே 3, சனி

ரூபிகாவை ஜி.எச்.சில் சேர்த்திருக்கிறார்கள்.

லீவு என்று அம்மாவோடு அளத்துக்குப் போயிருக்கிறாள். வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்திருக்கிறாள். வெயில் என்று நினைத்து மோர் கொடுத்திருக்கிறார்கள். பிறகு மூச்சு வாங்கியிருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். வாயருகே குனிந்தால் அழுகின பழ வாசனை. இன்சுலின் போதாத உடம்பில்தான் அந்த வாசனை வரும். படித்திருக்கிறேன். மோந்து பார்த்தது இன்றுதான்.

மே 4, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஜி.எச்.சுக்குப் போனேன்.

பிள்ளை கண் திறந்திருக்கிறாள். நர்ஸ் பேச்சித்தாய் அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தாள், ஊசி போடாமல் விட்டுவிட்டு இப்போது அழுகிறாயே என்று.  நர்ஸ் போன பிறகு அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். 'வேளைக்குப் பாதி பாதியா போட்டேன்மா. நீ சமாளிக்கச் சொன்னியே.'

அண்ணன் காலையிலேயே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கட்டிலருகே இருந்தன. தெய்வம் மாதிரி வந்தார் என்றாள் அக்கா. ஹார்லிக்ஸை நான் எடுத்து வந்துவிட்டேன். சர்க்கரைப் பிள்ளைக்கு ஹார்லிக்ஸ் வாங்கி வந்திருக்கிறார் ஒரு டாக்டர். அவசரத்தில் வாங்கியிருப்பார்.

மே 5, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ரூபிகா வீடு திரும்பினால் மருந்து வேண்டும். கிளினிக் ஃப்ரிட்ஜில் ஒரு குப்பிகூட இல்லை. என் பணத்தில் முழு விலைக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று ஜெகன் கடைக்குப் போனேன். ஜெகன் இல்லை. கவுண்டரில் புதிதாக ஒருவர், என்னைத் தெரியாதவர். ராத்திரி மருந்து கேட்டேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்தார். அட்டை இல்லை. தோளில் சிவப்புப் பொட்டு.

என் பொட்டு. தூரிகையைக் கடைசியில் இடதுபக்கம் இழுப்பது என் பழக்கம், ஒரு சின்ன வால் விழும். அந்த வால் இருந்தது.

இது என்ன பொட்டு என்று கேட்டேன். அவர் பெருமையாகச் சொன்னார்.

'அது கம்பெனி அடையாளம்மா. பொட்டு வச்சதுதான் ஒரிஜினல். இப்பம் எல்லாரும் பொட்டு வச்சதா பாத்துத்தான் கேட்டு வாங்குதாங்க.'

அட்டை எங்கே என்றேன். மழையில் நனைந்துவிட்டதாம். மே மாதத் தூத்துக்குடியில் மழை.

பணத்தைக் கொடுத்து வாங்கினேன். பழைய குப்பி இருந்தால் கொண்டு வாங்க, பத்து ரூபாய் குறைப்போம் என்றார். வெளியே வந்து போர்டுக்குக் கீழே நின்றேன். காலிக் குப்பி கேட்பது கம்பெனிக்குத் திருப்பி அனுப்பத்தான். லேபிள் உரியாத குப்பிகள், பளபளக்கும் வளையங்கள், நான் உட்கார்ந்து பொறுக்கியது, கையெழுத்துப் போட்டது எல்லாம் வரிசையாக வந்தன. அட்டையைப் பிரித்து 'மறுவிற்பனைக்கு அல்ல' என்பதைச் சாக்கில் போட்டவளும் நான்தான். அவர்கள் அட்டையைப் பிரிக்கிற சிரமம்கூடப் படவில்லை.

மாடி முடிந்துவிட்டது. நீலக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள்.

மே 6, செவ்வாய்

அண்ணன் மதுரைக்கு மீட்டிங் போயிருக்கிறார். 'எளியோருக்கு மருந்து' என்ற தலைப்பில் பேசுகிறாராம்.

மே 9, வெள்ளி

இன்று கேட்டேன்.

மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு குப்பியை மேஜையில் வைத்தேன். எங்கே வாங்கியது என்று சொன்னேன். மறுப்பார், ஜெகன்மேல் பழியைப் போடுவார் என்று நினைத்திருந்தேன். மறுத்திருந்தால் ஒருவேளை நம்பியும் இருப்பேன். அவர் குப்பியைக் கையில் எடுத்துப் பொட்டைப் பார்த்தார்.

'உக்காரு' என்றார்.

நிறையப் பேசினார். கம்பெனி மருந்தை மட்டும்தான் மலிவாகத் தருகிறது. வாடகை, கரண்ட், வேன் டீசல், நர்ஸ் சம்பளம் எதையும் தரவில்லை. நன்கொடை தருகிறவர்கள் கட்டிடத்துக்குத் தருவார்கள், பெயர்ப்பலகை மாட்டலாம் என்பதால். மாதாமாதம் டீசலுக்கு எவனும் தர மாட்டான். டவுனில் காசுள்ளவன் எப்படியும் முழு விலை கொடுத்து வாங்கப் போகிறான். அந்தக் காசு பெரிய கடைக்குப் போவதற்குப் பதிலாக இந்தக் கிளினிக்குக்கு வருகிறது. வெளிநாட்டில் இதே மாதிரி ஏழைகளுக்கான கிளினிக்குகள் சலுகை விலைக்கு வாங்கி, காசுள்ளவர்களிடம் முழு விலை வாங்கி, மிச்சத்தில்தான் நடக்கின்றன, அங்கே அது சட்டப்படியே நடக்கிறது என்றார்.

'உன் சம்பளம் எங்கேருந்து வருதுன்னு நெனச்ச?'

அசிங்கமான விஷயம், பாதி தூரம் அவரோடு போய்விட்டேன். தலையைக்கூட ஆட்டினேன் என்று நினைக்கிறேன். காசுள்ளவனிடம் வாங்கி இல்லாதவனுக்குக் கொடுப்பதில் எனக்கு என்ன ஆட்சேபம்? பிறகு அந்தப் பழ வாசனை ஞாபகத்துக்கு வந்தது. மிச்சத்தை விற்றிருந்தால் சரி, ரூபிகாவின் பங்கை எடுத்து விற்றிருக்கிறீர்கள் என்றேன். கம்பெனி சரக்கைப் பாதியாக்கவே இல்லை, நீங்கள்தான் பாதியாக்கினீர்கள். அந்த மாடியும் டீசலுக்கா என்று கேட்டேன்.

 ஜன்னலைப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

'அளந்து குடுத்தது நீ எப்சிபா. ஒவ்வொரு தடவையும் கையெழுத்து உன்னுது. நான் மிரட்டல, நடந்ததச் சொல்லுதேன். நீ வெளிய சொன்னா திட்டத்த நிறுத்திருவாங்க. அப்புறம் ரூபிகாவுக்குப் பாதியும் கிடையாது.'

நான் எழுந்தேன். 'சரி சார்' என்றேன்.

'சாரா?' என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் முகம் மாறியது.

மே 12, திங்கள்

வேலைக்குப் போனேன். பொட்டு வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மே 14, புதன்

லூர்து அண்ணன் டிரேயை எடுக்க வந்தார். முகாம் எங்கே நடக்கிறது என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், 'எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க பாப்பா' என்றார். அது ஒரு பதில் இந்த ஊரில்.

மே 20, செவ்வாய்

மூலையில் கிடந்த சாக்கிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வந்தேன். புகார் இருந்தால் எழுத ஒரு மின்னஞ்சல் முகவரி அதில் உண்டு. எழுதினேன். கடையில் வாங்கிய குப்பியின் படம், பில்லின் படம், போர்டின் படம். என் கையெழுத்தையும் சொல்லிவிட்டேன். திட்டத்தை நிறுத்த வேண்டாம், மருந்து நோயாளிகள் கைக்கு முழுதாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள் என்று கடைசியில் கெஞ்சினேன். கெஞ்சியது பிடிக்கவில்லை. அழிக்கவும் இல்லை.

போன மாதம் யாரைத் திட்டி ஒரு பக்கம் கிழித்தேனோ, இன்று அவனிடமே நியாயம் கேட்கிறேன்.

ஜூன் 2, திங்கள்

கம்பெனியிலிருந்து ஆள் வருகிறாராம். சார் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார், வழக்கமாகச் செய்வதுபோல. போன வாரம் மட்டும் அளத்தங்கரைக்கு வேனில் இரண்டு தடவை போய் வந்தார். போகாத வீடு இல்லையாம்.

நானும் பேச்சித்தாய் அக்கா வீட்டுக்குப் போனேன். ரூபிகா தேறிவிட்டாள், பல்லாங்குழி விளையாடிக்கொண்டிருந்தாள். வருகிறவரிடம் நடந்ததைச் சொன்னால் போதும் அக்கா, வேறெதுவும் வேண்டாம் என்றேன். பாதிப் பாதியாகப் போட்டதை, ஏன் போட்டாய் என்பதை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

'உனக்காவ சொல்லாம இருப்பனாம்மா?'

ஜூன் 11, புதன்

கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு மனிதர் வந்தார். நல்லவராகத்தான் தெரிந்தார். வரிசையாக நோயாளிகளை உட்கார வைத்துக் கேட்டார். சார் வேண்டுமென்றே அறைக்கு வெளியே போய் நின்றார். அவர் அங்கே நிற்கவே தேவையில்லை.

முதலில் வந்தவர்கள் எல்லாரும் முழுதாகக் கிடைக்கிறது என்றார்கள். நான் பேச்சித்தாய் அக்காவுக்காகக் காத்திருந்தேன். வேலைச்சேலையைக் கழற்றி நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். ரூபிகாவையும் கூட்டி வந்திருந்தாள். அந்த மனிதர் ரூபிகா ஆஸ்பத்திரியில் இருந்ததைப் பற்றிக் கேட்டார்.

'ஒரு குறையும் இல்ல சார். மாசாமாசம் முழுசா கெடைக்கி. அன்னைக்குப் பிள்ளைக்கு வந்தது என் தப்பு. வேலை ஜோலில ஊசி போட மறந்துட்டேன்.'

என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. ரூபிகா அம்மாவை அண்ணாந்து பார்த்தாள்.

பிறகு அவர் என்னிடம், நான் கடையில் வாங்கிய குப்பியைப் பற்றிக் கேட்டார். அதில் நெயில்பாலிஷ் வைப்பது யார் என்று கேட்டார். நான் என்றேன். ஃப்ரிட்ஜின் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டார். என்னிடம் என்றேன். எழுதிக்கொண்டார்.

ஜூன் 12, வியாழன்

என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மருந்தாளுநரின் கவனக்குறைவால் சில குப்பிகள் வெளியே போயிருக்கின்றன, இனி சரக்கு நேரடிக் கண்காணிப்பில் என்று காரணம். போலீசுக்குப் போகவில்லை. எனக்கு வயது குறைவு, வாழ்க்கை இருக்கிறது என்று சார்தான் கேட்டுக்கொண்டாராம். அதற்கும் நான் நன்றி சொல்ல வேண்டும் போல.

என் டிபன் டப்பாவையும் நெயில்பாலிஷ் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு வந்தேன். திட்டத்தை நிறுத்தவில்லை. நான் கெஞ்சியதில் அது மட்டும் பலித்தது.

அம்மாவிடம் சொன்னேன். உனக்கு எதுக்குளா ஊர் வம்பு என்றாள். பிறகு தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 18, புதன்

ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் லூர்து அண்ணனைப் பார்த்தேன். தானாகவே வந்து பேசினார். கடைக்கு இப்போதும் டிரே போகிறதாம், கொஞ்சம் குறைவாக. புதிதாக வந்த மருந்தாளுநர் பொட்டு வைப்பதில்லை. டவுன் ஆட்கள் பொட்டு இல்லாததை டூப்ளிகேட் என்று வாங்க மாட்டேன் என்கிறார்களாம். ஜெகன் தானே ஒரு நெயில்பாலிஷ் வாங்கி வைத்திருக்கிறார்.

'ரெண்டு மருந்துக்கும் செவப்பேதான் வைக்காரு' என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வேலைக்கு ஐந்து இடத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஓரிடத்தில் கூப்பிட்டார்கள். முன்பு எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள், சொன்னேன், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்தபோது பேச்சித்தாய் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அம்மா சொன்னாள்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நான்கு குப்பிகள், புதியவை. ரூபிகாவுக்கு வேண்டியது முழுதாக. இந்த மாதம் முழுதாகக் கிடைத்ததாம். லேபிள்கள் இப்போதே அவள் வியர்வையில் ஈரமாகியிருந்தன. பொட்டு இல்லை.

'அந்தப் புதுப் பொண்ணு வைக்க மாட்டேங்கா. நேத்து லேபிள் உரிஞ்சதுல எது எதுன்னு தெரியாம பிள்ளைக்குப் போடாமலே விட்டுட்டேன். நீ வச்சுத் தந்தேன்னா போயிருவேன்.'

அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். இத்தனை நாளும் மனதுக்குள் வேறு மாதிரி, நிறைய வார்த்தைகளோடு கேட்டு வைத்திருந்தேன். வாயில் அவ்வளவுதான் வந்தது.

அவள் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

'டாக்டரண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னாரு, இனிமே உன் பிள்ளைக்கு மட்டும் குறையாதுன்னு. நீ சண்ட போட்டதும் இதுக்குத்தானம்மா. எம்பிள்ளைக்கு முழுசா கெடைக்கணும்னு.'

மற்றவர்களுக்கு என்றேன்.

'மத்தவங்களப் பத்தி நான் கேக்கல.'

எழுந்து உள்ளே போனேன். நெயில்பாலிஷ் பாட்டில்கள் அலமாரியில் இருந்தன. வேண்டாம் என்று திரும்பி வந்து சொல்லியிருக்கலாம். லேபிளை இன்றைக்கு அவளே படிக்கட்டும், அல்லது அவளுடைய டாக்டரண்ணனிடம் போகட்டும். ரூபிகாவின் ஒற்றை விரல் சிவப்பு ஞாபகத்துக்கு வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

ராத்திரி மருந்துக்குச் சிவப்பு. சாப்பாட்டு மருந்துக்கு நீலம். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கி லேபிளை இரண்டு தடவை படித்துவிட்டு வைத்தேன். தூரிகை வழக்கம்போல இடதுபக்கம் இழுத்தது.

அவசரமாக எடுக்கப் போனாள். காயட்டும் என்றேன். தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. நான்கு குப்பிகளுக்கும் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். பொட்டு காயும்வரை உட்கார்ந்திருந்தோம்.